பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்கல்வி: பிரிவைத் தேர்வது முதல் பயிற்சி இடம் பெறுவது வரை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து வீட்டில் எழும் முதல் கேள்வி, எந்த குரூப் எடுப்பது என்பதுதான். பெரும்பாலான பள்ளிகளில் அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணே விடை சொல்லிவிடுகிறது: அதிக மதிப்பெண் எடுத்தவருக்குக் கணிதமும் அறிவியலும், அடுத்தவருக்கு வணிகவியல், மிஞ்சியவருக்குத் தொழிற்கல்வி. இந்த வரிசையில் மாணவருக்கு எதில் கை ஓடும் என்பதை யாரும் கேட்பதில்லை. எந்தப் படிப்பு முடிந்தபின் எத்தனை வழிகள் திறந்திருக்கும் என்பதையும் யாரும் விளக்குவதில்லை. தமிழ்நாட்டில் படிக்கும் மாணவர்களும் அவர்களது பெற்றோரும் இந்த இரண்டையும் பார்த்து முடிவெடுக்கவும், படிக்கும் காலத்திலேயே ஒரு பணியிடத்தில் முறையாகப் பயிற்சி பெறவும் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முன்னால் இருக்கும் பாதைகள்

பத்தாம் வகுப்புக்குப் பின் தொழில் சார்ந்து படிக்க மூன்று முக்கியப் பாதைகள் உள்ளன. மேல்நிலைப் பள்ளியிலேயே தொழிற்கல்விப் பிரிவில் சேர்வது, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வது, பாலிடெக்னிக் கல்லூரியில் டிப்ளமோ படிப்பது ஆகியவை அவை. பொதுப்பிரிவில் பிளஸ் டூ படித்துக்கொண்டே விடுமுறையில் பயிற்சி பெறுவது நான்காவது வழி. அதற்கென்று தனிச் சேர்க்கை எதுவும் இல்லாததால் பலர் அதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை.

இவற்றுள் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டது பள்ளித் தொழிற்கல்விப் பிரிவுதான். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978இல் வந்தபோதே அதனுடன் தொழிற்கல்வியும் வந்துவிட்டது. இன்று அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், மின்னணுப் பொறியியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல், நெசவியல் தொழில்நுட்பம், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், உணவக மேலாண்மை, வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மையும் செயலியலும் ஆகிய பாடங்கள் இருக்கின்றன. எல்லாப் பள்ளிகளிலும் எல்லாம் கிடைக்காது. ஒரு பள்ளியில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆகவே உங்கள் ஊரைச் சுற்றிப் பேருந்தில் சென்றுவரக்கூடிய தொலைவில் எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு உள்ளது என்பதை முடிவு வருவதற்கு முன்பே, அதாவது ஏப்ரல் மாத விடுமுறையிலேயே, விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பிரிவில் படிப்பவருக்கு மேற்படிப்பே இல்லை என்ற எண்ணம் தவறானது. பொறியியல் சார்ந்த தொழிற்பாடம் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. வேளாண் அறிவியல் படித்தவர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவுக்கான இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். கலை அறிவியல் கல்லூரிகளின் கதவும் மூடுவதில்லை. ஆனால் இவற்றில் பல, தொழிற்பாடத்துடன் நீங்கள் படிக்கும் துணைப்பாடம் கணிதமா, இயற்பியலா, வேறொன்றா என்பதைப் பொறுத்தே அமைகின்றன. சேரும் நாளில் பள்ளியில் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி இதுதான். பொறியியல் பக்கம் போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், கணிதம் உள்ள பிரிவையே கேட்டு வாங்குங்கள். பிளஸ் டூ முடிந்தபின் அந்தப் பாடத்தைச் சேர்த்துக்கொள்ள எளிய வழி எதுவும் இல்லை.

செவிலியம் பிரிவைப் பற்றித் தனியாக ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளஸ் டூ செவிலியப் பாடம் முடித்ததாலேயே ஒருவர் பதிவு பெற்ற செவிலியர் ஆகிவிட முடியாது. அதற்கு ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ), அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அவற்றிலும் பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் படித்திருக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்தான் உங்கள் மகளின் குறிக்கோள் என்றால் அவரை உயிரியல் பிரிவில் சேர்ப்பதே சரி. பெயரில் செவிலியம் இருக்கிறது என்பதற்காகத் தொழிற்கல்விப் பிரிவில் சேர்த்துவிட்டுப் பின்னர் வருந்தும் குடும்பங்கள் ஆண்டுதோறும் இருக்கின்றன.

ஐ.டி.ஐ. பாதை நேரானது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் போன்ற தொழிற்பிரிவுகள் இரண்டு ஆண்டுகள். வெல்டர் போன்றவை ஓராண்டு. அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதந்தோறும் ரூ.750 உதவித்தொகை கிடைக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை பழைய லேத்துகளும் (கடைசல் இயந்திரம்) வைஸ்களும் (பிடிப்புக் கருவி) மட்டுமே இருந்த பல நிலையங்களின் முகம் இப்போது மாறியிருக்கிறது: 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடிச் செலவில், டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து, ரோபாட்டுகளும் கணினி வழி இயங்கும் கருவிகளும் கொண்ட தொழில்நுட்ப மையங்களாக அரசு மாற்றியமைத்தது. உங்கள் மாவட்ட ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால், பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம் என்று 2022இல் அரசாணை வந்திருக்கிறது. இது பலருக்கும் தெரியாத வழி, ஐ.டி.ஐ.யில் சேர்ந்த ஆண்டிலேயே இதற்கான திட்டத்தை வகுத்துக்கொண்டால், அரசுப் பணித் தேர்வுகளும் பட்டப்படிப்பும் பின்னர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

பாலிடெக்னிக் பற்றிப் பலருக்கும் தெரியுமாதலால் நீட்டவில்லை. மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமோ என்ற வகை சில கல்லூரிகளில் இருக்கிறது. படிப்புக்கு இடையிலேயே மாதக்கணக்கில் தொழிற்சாலைப் பயிற்சி பெறுவது அதன் அமைப்பு. அரை ஆண்டு கூடுதல் என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு. என் கணிப்பில் அந்த அரை ஆண்டே அதன் சிறப்பு. இவை தவிர, கிண்டியிலுள்ள சிப்பெட் நிறுவனம் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்திலும், சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் கைத்தறி, துணித் தொழில்நுட்பத்திலும் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மூன்றாண்டு டிப்ளமோ நடத்துகின்றன. இத்தகைய சிறப்பு நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒப்பீட்டளவில் குறைவு. அந்தந்தத் துறையின் நிறுவனங்களோ இவற்றின் பெயரை நன்றாக அறிந்தவை.

அரசுப் பள்ளி மாணவர் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளிலேயே படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020இலும், பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட பிற தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்புடன் வெளியேறி பாலிடெக்னிக்கோ தனியார் மேல்நிலைப் பள்ளியோ சென்றுவிட்டால் இந்த நிபந்தனை அறுந்துவிடும். அரசுப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் தொடர்ந்தால் அறாது. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல் தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுவதே பாதுகாப்பு.

இதுபோலவே அரசுப் பள்ளி மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது. பட்டப்படிப்புக்கு மட்டுமல்லாமல் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்போருக்கும் அது உண்டு. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் இந்த உதவி போய்விடும் என்று அஞ்சிப் பொருந்தாத பட்டப்படிப்பில் சேர வேண்டியதில்லை.

சேரும் முன் பணிமனையைப் பாருங்கள்

எந்தப் பாதையைத் தேர்ந்தாலும், விண்ணப்பம் கொடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் பணிமனைக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பார்க்க அனுமதிக்காத இடத்தில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். இயந்திரத்தின் மீது தூசு படிந்திருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்பதிலிருந்தே அது ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு லேத்தை எத்தனை மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள், செய்முறை வகுப்பு வாரத்தில் எத்தனை பிரிவேளை உண்மையில் நடக்கிறது, சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆசிரியர் பெயர் சொல்லி விடை தந்தால் அந்தப் பிரிவு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

பள்ளிகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் கேட்க வேண்டும்: தொழிற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? பல ஊர்களில் நீண்ட காலம் பணியாற்றிய தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமல், பிரிவே மெல்ல மூடப்பட்டிருக்கிறது. ஆசிரியர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறார் என்றால், பதினோராம் வகுப்பில் சேரும் மாணவரின் பன்னிரண்டாம் வகுப்பை யார் நடத்துவார் என்பதைத் தலைமையாசிரியரிடம் தயக்கமின்றிக் கேட்கலாம்.

பயிற்சி இடம் தேடுவது

இன்டர்ன்ஷிப் என்றும் உள்ளுறைப் பயிற்சி என்றும் சொல்லப்படுவது, படிக்கும்போதே ஒரு பணியிடத்தில் குறிப்பிட்ட நாட்கள் இருந்து கற்பது. தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையே இதற்கு ஏற்பாடு செய்கிறது. எத்தனை நாட்கள், எந்த நிறுவனம் என்பதைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி தரும் நாட்களைத் தவறவிடாதீர்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். பதினோராம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறையில் இரண்டு அல்லது மூன்று வாரம் சொந்த முயற்சியில் ஓர் இடம் தேடிச் செல்வதே இந்த வயதில் மிகுந்த பயன் தருவது. பொதுப்பிரிவு மாணவருக்கோ இது ஒன்றுதான் வழி.

தேடலை உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வட்டாரமும் ஒரு தொழிலில் ஊறியது: கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும், திருப்பூரில் பின்னலாடை, கரூரில் வீட்டு உபயோகத் துணி, நாமக்கல்லில் லாரி கூண்டு கட்டுதலும் கோழிப்பண்ணையும், சிவகாசியில் அச்சகம், ஓசூரிலும் ஒரகடத்திலும் வாகன உதிரிபாகம், திருச்சியைச் சுற்றி உலோகக் கட்டமைப்பு. நாமக்கல்லில் இருக்கும் மாணவர் இணையத்தில் சென்னை நிறுவனங்களைத் தேடி மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட, லாரி கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் அளவெடுத்தல், வெட்டுதல், வெல்டிங், பெயின்டிங், மின் இணைப்பு ஆகிய ஐந்து வேலைகளும் ஒரே கூரையின் கீழ் நடப்பதைப் பார்ப்பது பல மடங்கு கற்றுத் தரும்.

முகவரிகள் கிடைப்பது கடினமன்று. கிண்டியில் 1958இலும் அம்பத்தூரில் 1964இலும் தொடங்கிய தொழிற்பேட்டைகளைப் போல, பெரும்பாலான மாவட்டங்களில் சிட்கோ எனப்படும் அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை இருக்கிறது. மதுரையில் கப்பலூர், கோவையில் குறிச்சி, திருச்சியில் துவாக்குடி ஆகியவை சில. பெரும்பாலான பேட்டைகளில் தொழில்முனைவோர் சங்கம் ஒன்று இருக்கும். அதன் அலுவலகத்தில் உறுப்பினர் பட்டியல் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்கலாம். உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியரின் பழைய மாணவர் என்று யாராவது ஒருவர் அறிமுகம் செய்தால் வேலை எளிதாகும். தெரிந்தவர் மூலம் போவதில் கூச்சப்பட ஏதுமில்லை. சிறு தொழிலில் பதினாறு வயதுப் பிள்ளையை உள்ளே விடுவதற்கு முதலாளி எதிர்பார்ப்பது ஒரு பொறுப்பாளரைத்தான்.

பெரிய நிறுவனமா, சிறிய பட்டறையா என்ற கேள்வி வரும். பெயர் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே பள்ளி மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு சுற்றுப்பயணமும் சில விளக்கப் படங்களும்தான். பாதுகாப்பு விதிகள் அவர்களை இயந்திரத்தின் அருகில் நெருங்க விடுவதில்லை, அது சரியும்கூட. பிற நிறுவனங்களின் ஆர்டருக்குப் பொருள் செய்து தரும், பத்திலிருந்து முப்பது பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் நிறுவனத்தில், ஆர்டர் வருவது முதல் டிஸ்பாட்ச் ஆவது வரை ஒரு பொருளின் முழுப் பயணத்தையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். டிராயிங் எனப்படும் அளவு வரைபடத்தைப் படித்து, வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியால் அளந்து, ஒரு பொருளைத் தேறியது என்றோ கழித்தது என்றோ பிரிக்கக் கற்றுக்கொண்டால் போதும். இந்த வயதுக்கு அது பெரிய வரவு. மாத இறுதியில் டிஸ்பாட்ச் நெருக்கடி இருக்கும்போது கேட்கப் போகாதீர்கள். மாதத்தின் இரண்டாம் வாரத்தில், காலைத் தேநீர் நேரம் முடிந்தபின் சென்றால் பேச ஆள் கிடைப்பார்.

இயந்திரமும் எண்ணெயும் எல்லோருக்கும் உரியவை அல்ல. கணக்கில் விருப்பம் உள்ளவர் ஆடிட்டர் அலுவலகத்தில் பில்களை வரிசைப்படுத்தி டேலியில் பதிவதைக் கற்கலாம். உணவக மேலாண்மை படிப்பவர் ஒரு சமையற்கூடத்தின் கொள்முதல் பட்டியலையும் இருப்புக் கணக்கையும் பார்த்தாலே பாதித் தொழில் புரிந்துவிடும். ஆய்வில் நாட்டம் உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இஸ்ரோ 2019இல் தொடங்கிய யுவிகா திட்டம் இருக்கிறது. கோடையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கிப் பயில வைக்கும் அத்திட்டத்துக்கு எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணைய வினாடி வினா, அறிவியல் கண்காட்சிப் பங்கேற்பு ஆகியவற்றுடன் கிராமப்புறப் பள்ளியில் படிப்பதற்கும் மதிப்பு தரப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காகப் பள்ளிகள் வழியே நடத்தும் தரவு அறிவியல், மின்னணு அமைப்புகள் குறித்த சான்றிதழ்ப் படிப்புகளும் உள்ளன. அவற்றில் சேரப் பள்ளி முதலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால் தலைமையாசிரியரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு சில நாள் இணைய வகுப்பு நடத்திப் பயிற்சிச் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களைக் கடந்து போங்கள். பயிற்சி பெறுபவர் பணம் கட்டும் ஏற்பாடு பயிற்சி வகுப்பாக இருக்கலாம். அதைப் பணியிட அனுபவம் என்று எந்த நிறுவனமும் ஏற்பதில்லை.

கேட்டு எழுதும் கடிதம்

நேரில் செல்லும்போது கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். அதைப் பள்ளித் தலைமையாசிரியரின் கையொப்பத்துடன் கொண்டு சென்றால் முதலாளியின் பாதித் தயக்கம் போய்விடும். பின்வருமாறு எழுதலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு, அடிப்படை இயந்திரவியல் பிரிவில் படிக்கிறேன். வரும் மே மாத விடுமுறையில் மூன்று வாரம், நாள்தோறும் காலை 9.30 முதல் பிற்பகல் 3.30 வரை, தங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன். அளவெடுத்தல், டிராயிங் படித்தல், தரச் சோதனை ஆகியவற்றைக் கற்றுக்கொள்வது என் நோக்கம். பள்ளியில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பயன்படுத்திப் பழகியிருக்கிறேன். எனக்கு ஊதியம் தேவையில்லை. பயிற்சி முடிவில் நான் கற்றவற்றைக் குறிப்பிட்டு ஒரு சான்று வழங்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். என் தந்தையின் ஒப்புதலும் பள்ளியின் பரிந்துரையும் இணைக்கப்பட்டுள்ளன.”

இதில் நாள், நேரம், கற்க விரும்புவது, ஏற்கெனவே தெரிந்தது ஆகிய நான்கும் இருப்பதைக் கவனியுங்கள். “எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்” என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதியவருக்கு எந்த வேலையும் கொடுக்கப்படும். ஊதியம் வேண்டாம் என்பது இந்த இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டுமே பொருந்தும். மாதக்கணக்கில் உற்பத்தி வேலை வாங்கிக்கொண்டு பயிற்சி என்று பெயர் சூட்டுவதை ஏற்கக் கூடாது. சில நாள் கழித்துப் பயணச் செலவுக்கென்று முதலாளி ஏதேனும் கொடுத்தால் மறுக்கவும் வேண்டாம்.

வயதும் சட்டமும்

பெற்றோர் இந்தப் பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், 14 வயதுக்குக் கீழ் உள்ளவரைப் பணியில் அமர்த்துவது குற்றம். 14 முதல் 18 வயது வரை உள்ள வளரிளம் பருவத்தினரைச் சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், அபாயகரமான உற்பத்தி முறை ஆகியவற்றில் ஈடுபடுத்தக் கூடாது. அபாயகரமானவை என்ற பட்டியலில் வார்ப்பாலை, தோல் பதனிடுதல், மின்முலாம் பூசுதல் போன்றவையும் அடங்கும். ஆகவே சிவகாசியில் அச்சகத்துக்குச் செல்லலாம், பட்டாசு ஆலைக்குச் செல்லக் கூடாது. கோவையில் பம்ப் கோக்கும் பகுதிக்குச் செல்லலாம், ஃபவுண்டரியில் உலோகம் உருக்கும் பகுதிக்குச் செல்லக் கூடாது. ஆம்பூரில் காலணி வடிவமைப்பைப் பார்க்கலாம், தோல் பதனிடும் தொட்டிகளின் அருகில் நிற்க வேண்டாம்.

நேரத்துக்கும் அதே சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. வளரிளம் பருவத்தினர் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அதன்பின் ஒரு மணி நேரமாவது இடைவேளை வேண்டும், இடைவேளையும் காத்திருப்பும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை இல்லை, ஓவர்டைம் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். மேலே உள்ள கடிதத்தில் ஒரு நாளின் நேரத்தை ஆறு மணி நேரத்துக்குள் அமைத்ததற்குக் காரணம் இதுதான். “இது பயிற்சிதானே, வேலையா?” என்று யாராவது வாதிடலாம். பயிற்சி என்றாலும் இந்த எல்லையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயது உடலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மகளை அனுப்பும் பெற்றோர், முதல் நாளில் உடன் சென்று கழிப்பறை எங்கே, உணவு உண்ணும் இடம் எது, பயிற்சி தருபவர் யார், வீடு திரும்பப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவற்றை நேரில் பாருங்கள். மகனுக்கும் இதைச் செய்தால் தவறில்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பயிற்சி பெறுபவரும் அதன் பாதுகாப்பில் வருவர். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.

பட்டறைக்குள்

உடை பற்றிய விதிகளில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. முன்புறம் மூடிய, அடிப்பாகம் தடித்த காலணி. உடலை ஒட்டிய பருத்திச் சட்டை. மோதிரம், கைக்கயிறு, கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. நீண்ட கூந்தலை முடிந்து தொப்பிக்குள் வைக்க வேண்டும். துப்பட்டா வேண்டவே வேண்டாம். சுழலும் இயந்திரத்தின் அருகில் கையுறை அணியக் கூடாது என்பது புதிதாக வருபவருக்கு வியப்பாக இருக்கும். துணியைப் பற்றி இழுக்கும் சுழற்சி கையையும் சேர்த்து இழுத்துவிடும். வெல்டிங் பொறியை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸை, யார் ஊக்குவித்தாலும், இயக்காதீர்கள்.

முதல் சில நாட்கள் யாரும் எதுவும் சொல்லித் தரமாட்டார்கள். துடைக்கச் சொல்வார்கள், எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள், தேநீர் வாங்கி வரவும் சொல்வார்கள். பட்டறையில் இது பழைய வழக்கம். பையனின் பொறுமையை மேஸ்திரி அளந்து பார்க்கிறார். ஒரு வாரம் வரை இதைத் தாங்கிக்கொள்ளலாம், துடைக்கும்போதே ஒவ்வொரு கருவியின் பெயரையும் இடத்தையும் கற்றுக்கொள்ளலாம். இரண்டாம் வாரமும் அதுவே தொடர்ந்தால், சூப்பர்வைசரிடம் சென்று, “அண்ணா, இன்றைக்கு இந்த டிராயிங்கைப் பார்த்து அளவு எடுத்துக் காட்டட்டுமா?” என்று குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். பொதுவாக “ஏதாவது கற்றுக் கொடுங்கள்” என்றால் யாருக்கும் எதைக் கற்றுக் கொடுப்பது என்று தோன்றாது. அதற்கும் பயனில்லை என்றால் பள்ளியில் சொல்லி, இடத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

நாள்தோறும் மாலையில் ஒரு பக்கம் எழுதுங்கள். அன்று பார்த்த வேலை, பயன்படுத்திய கருவி, புரியாத சொல், மறுநாள் கேட்க வேண்டிய கேள்வி ஆகியவை போதும்; முடிந்தால் சிறு படமும் வரையலாம். நிறுவனத்தின் டிராயிங்கையோ வாடிக்கையாளரின் பெயரையோ கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். பல இடங்களில் இதனால்தான் மாணவர்களைச் சேர்க்கவே தயங்குகிறார்கள். வாரம் ஒருமுறை அந்தக் குறிப்பேட்டில் சூப்பர்வைசரின் கையொப்பம் பெற்றுக்கொண்டால், பின்னாளில் நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அதுவே அதிகம் பேசும். கேள்வி கேட்பவர் உங்களை எதில் வேண்டுமானாலும் சோதிக்கலாம், நீங்கள் எழுதியதைப் பற்றிக் கேட்டால் தடுமாற மாட்டீர்கள்.

முடிக்கும் நாளில் பெறும் சான்றில், வந்த தேதியும் முடித்த தேதியும், இருந்த பிரிவும், செய்து பழகிய வேலைகளும் பெயர் பெயராக இருக்க வேண்டும். “நன்னடத்தையுடன் பயிற்சி முடித்தார்” என்ற ஒரு வரி எதற்கும் உதவாது. முதலாளிக்கு எழுத நேரம் இராது. நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுத்தால் நிறுவனத்தின் தாளில் தட்டச்சு செய்து கையெழுத்திட்டுத் தருவார்.

படிப்பு முடிந்தபின் வரும் ஊதியப் பயிற்சி

பள்ளிக் காலப் பயிற்சியையும் அப்ரண்டிஸ் பயிற்சியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது இரண்டாவது. அதில் ஒப்பந்தம் உண்டு, மாத உதவித்தொகை உண்டு, முடிவில் அரசு ஏற்கும் சான்று உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் மட்டுமே அப்ரண்டிஸ் ஆகலாம் என்று நினைக்கிறோம். பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவருக்கும் அச்சட்டத்தில் தொழிற்கல்வித் தொழில்நுட்பநர் என்ற தனி வகை இருக்கிறது. அதற்கான தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். பயிற்சிக் காலம் ஓராண்டு. 2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி உதவித்தொகையின் கீழ்வரம்பு, படித்த படிப்புக்கு ஏற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை, ஐ.டி.ஐ. சான்று பெற்றவருக்கும் பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவருக்கும் ரூ.7,000. விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பில் உள்ள தொகையை அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அபாயகரமான தொழிலில் சேர இங்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அரசின் பங்கு நேரடியாகப் பயிற்சியாளரின் வங்கிக் கணக்கில் வரவாவதால், பதிவு செய்யும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களில் முன்னெழுத்து பெரும் தொல்லை தருவது: மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இரண்டுமே இல்லாமல் பெயர் மட்டும் என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். கணினி இவற்றை மூன்று ஆட்களாகவே எண்ணித் தொகையை நிறுத்திவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு தொடங்கும் முன், ஜனவரி விடுமுறையிலேயே இதை முடித்துவிட்டால் ஜூன் மாதம் இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.